பைத்தான் தொடருக்கு மேலே பதிப்பு எண்ணையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்றுத்தரும் வாரத் தொடரை முதல் பகுதியிலிருந்து வெட்டிச் சேர்த்து வருகிறேன். சங்கரன்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சிறிய கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். பிளஸ் 2 கணினி அறிவியலில் பைத்தான் இருப்பதால் மாலையில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். காலையில் கல்லூரி முடித்தவர்களும், குழந்தை வளர்ந்த பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்களும். கடைக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும் ஆசையில் பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவரும் வருகிறார். இவர்களில் பாதிப் பேர் உங்கள் தொடரைக் கையில் வைத்துக்கொண்டுதான் படியேறி வருகிறார்கள். இவ்வளவு பேர் படிக்கிற தொடர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 7-ஆம் தேதி பைத்தான் 3.14 வெளியானதை நல்ல செய்தியாகப் போட்டிருந்தீர்கள். கணிதத்தின் 'பை' எண்ணோடு ஒத்துப்போகும் பதிப்பு எண், புதிதாக வந்திருக்கும் டி-ஸ்ட்ரிங் (ஸ்ட்ரிங் என்றால் மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துத் தொடர்), ஒரே நேரத்தில் பல த்ரெட்களை (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக நடக்கும் வேலைகளை) உண்மையாகவே ஓட விடும் பதிப்புக்கு இப்போது கிடைத்திருக்கும் அதிகாரபூர்வ ஆதரவு என்று எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அதற்கு அடுத்து இணைப்பில் வந்த பாடம், அப்படி ஒரு செய்தி வந்ததே தெரியாததுபோல் இருந்தது.

அந்தப் பாடத்தில் ஒரு பெட்டி. மேற்கோள் குறியை மூட மறந்தால் 'ஈஓஎல் வைல் ஸ்கேனிங் ஸ்ட்ரிங் லிட்டரல்' என்று பிழை வரும், பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தது. இது 3.9 வரைக்கும் வந்த வாசகம். 2021 அக்டோபரில் 3.10 வந்ததிலிருந்து அந்த வாசகமே கிடையாது. 'அன்டெர்மினேட்டட் ஸ்ட்ரிங் லிட்டரல்' (மூடப்படாத ஸ்ட்ரிங்) என்று சொல்லி, எத்தனையாவது வரி என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. பழையதை விட எவ்வளவோ நல்ல வாசகம். ஆனால் பேப்பரைப் பார்த்துத் தட்டிய பிளஸ் 2 மாணவி என்னிடம் வந்து கேட்டது இது: "மிஸ், பேப்பர்ல ஒரு தப்பு வரும்னு போட்டிருக்கு. எனக்கு வேற தப்பு வருது. தப்பையே தப்பாப் பண்ணிட்டேனா?"

நானும் மற்றவர்களும் சிரித்துவிட்டோம். ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. இரண்டும் ஒன்றுதான் என்று கடந்துபோவார்கள். முதல் முறையாக விசைப்பலகை முன்னால் உட்காருகிறவருக்கு எந்த வித்தியாசம் முக்கியம், எதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அச்சில் இருப்பதும் திரையில் வருவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைப்பார். அனுபவசாலிக்கான புத்தகம் கொஞ்சம் பழையதாக இருந்தால் பரவாயில்லை, அறிமுகப் பாடம் மட்டும் பழையதாக இருக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பைத்தானுக்கு ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு, அதுவும் அக்டோபர் மாதத்தில் வரும் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. அப்படியானால் ஓராண்டு ஓடும் வாரத் தொடரின் நடுவில் ஒரு புதிய பதிப்பு வந்தே தீரும். தொடர் தொடங்கும்போதே இதற்கு ஒரு வழி யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பைத்தானை உருவாக்கியவர்கள் தங்கள் சொந்த அறிமுகப் பாடத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை உங்கள் தொடர் ஆசிரியர் கவனித்தால் நல்லது. 'டுட்டோரியல்' என்று அவர்கள் வைத்திருக்கும் அந்தப் பாடத்தை முதலில் எழுதியவர் மொழியைப் படைத்த கீடோ வான் ராஸமேதான். அதன் கணிதப் பகுதியில் 17-ஐ 3-ஆல் வகுக்கும் உதாரணம் ஒன்று உண்டு. பைத்தான் 2.7-க்கான பாடத்தில் அதற்கு விடை 5. பைத்தான் 3-க்கான பாடத்தில் அதே 17, அதே 3. ஆனால் விடை 5.666666666666667. முழு எண் மட்டும் வேண்டுமென்றால் வகுத்தல் குறியை இரண்டு முறை போடு என்று அடுத்த வரியில் வருகிறது. மொழி மாறியபோது பாடத்தை முழுக்கப் புதிதாக எழுதாமல், அதே உதாரணத்தை வைத்துக்கொண்டு, திரையில் வரும் விடையை மாற்றியிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு என்று சேர்த்து வைக்கும் டிக்ஷனரி பற்றிய பகுதியில் மூன்று பேரின் தொலைபேசி எண் வைத்து ஒரு சிறு உதாரணம்: ஜாக், ஸேப், கீடோ. முதல் இருவரையும் எழுதிவிட்டு, பிறகு கீடோவைச் சேர்ப்பார்கள். பழைய பாடத்தில் அதை அச்சிட்டுக் காட்டும்போது ஸேப், கீடோ, ஜாக் என்று கலைந்த வரிசையில் வரும். அப்போது டிக்ஷனரிக்கு வரிசை என்று எதுவும் உறுதி கிடையாது. 3.7-லிருந்து, சேர்த்த வரிசையிலேயே இருக்கும் என்பது மொழியின் விதியாகிவிட்டது. இன்றைய பாடத்தில் ஜாக், ஸேப், கீடோ என்று ஒழுங்காக வருகிறது. அந்த ஒரு வரி வெளியீட்டையும், பக்கத்தில் 'எந்த வரிசையிலும் வரலாம்' என்றிருந்த சொற்களையும் யாரோ உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். பதிப்பு வெளியீட்டுச் செய்தியில் இடம்பெறும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் புதிதாகக் கற்கிறவருக்கு அந்த ஆண்டின் பெரிய மாற்றமே அதுதான்.

இதையெல்லாம் நினைவில் வைத்தே செய்ய வேண்டும் என்றும் இல்லை. பைத்தானோடு கூடவே வரும் டாக்டெஸ்ட் என்ற கருவி இருக்கிறது. டிம் பீட்டர்ஸ் எழுதியது. 2001-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே உண்டு. பாடத்தில் >>> குறியோடு இருக்கும் உதாரணங்களை அது தானே ஓட்டிப் பார்த்து, கீழே எழுதியிருக்கும் விடையோடு ஒப்பிடும். எங்கள் மையத்தில் மாணவர்களுக்குக் கொடுக்கும் தமிழ்க் கையேட்டை 3.14-க்கு மாற்றியபோது நான் செய்த முதல் வேலை இதுதான். கையேட்டிலிருக்கும் உதாரணங்களை மட்டும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு டாக்டெஸ்ட்டிடம் கொடுத்துவிட்டேன். எல்லாம் சரியாக இருந்தால் அது வாயே திறக்காது. மாறியிருந்தால் 'எக்ஸ்பெக்டட்' என்று போட்டு நாம் எழுதியதையும், 'காட்' என்று போட்டுத் திரையில் வந்ததையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டிவிடும். உங்கள் தொடர் ஆசிரியரும் கட்டுரையை அனுப்புவதற்கு முன் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

கருவி பிடிக்காத இடங்களும் உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் பைத்தானோடு வரும் ஐடில் என்ற நிரல் எழுதும் ஜன்னலுக்குப் போகுமுன், ஒவ்வொரு வரியாகத் தட்டி விடை பார்க்கும் கறுப்புத் திரையிலேயே கொஞ்ச நாள் பழக்குவது வழக்கம். முக்காற்புள்ளி போட்டு எண்டர் அடித்தபின், அடுத்த வரியில் நான்கு இடைவெளி விட்டு எழுதவும் என்று எங்கள் பழைய கையேடு சொன்னது; அப்போதைய பைத்தானுக்கு அது சரி. 3.13-லிருந்து அந்தக் கறுப்புத் திரை புதிதாக வந்துவிட்டது. வண்ணம் வந்துவிட்டது. மேல் அம்பை அழுத்தினால் பல வரி நிரல் முழுதாகத் திரும்ப வருகிறது. முக்காற்புள்ளிக்கு அப்புறம் அதுவே நான்கு இடம் உள்ளே தள்ளிக் கொடுக்கிறது. கையேட்டை நம்பும் பிள்ளை அதற்கு மேலும் நான்கு இடைவெளி விடுகிறது. முதல் வரி எட்டு இடம் தள்ளி நிற்கிறது. அதுவரை பிழை இல்லை. அடுத்த வரியில் பைத்தான் எட்டு இடம் கொடுக்க, பிள்ளை மறுபடி நான்கு தட்ட, பன்னிரண்டு. உடனே 'அன்எக்ஸ்பெக்டட் இன்டென்ட்' (எதிர்பாராத உள்தள்ளல்) என்ற பிழை. கையேடு சொன்னபடி அப்படியே செய்ததற்குக் கிடைத்த பிழை! எந்தக் கருவியும் இதை எனக்குச் சொல்லாது. ஒருவர் தட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். உங்கள் தொடரின் மூன்றாம் பகுதியிலும் இதே நான்கு இடைவெளி அறிவுரைதான் இருக்கிறது.

வெளியேறுவதும் அப்படித்தான். 'எக்ஸிட்' என்று மட்டும் தட்டினால் போதாது, அடைப்புக்குறி போட வேண்டும், இல்லாவிட்டால் பைத்தான் அறிவுரை சொல்லும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். 3.12 வரை அப்படித்தான். 3.13-லிருந்து கறுப்புத் திரையில் வெறுமனே தட்டினாலே வெளியேறிவிடுகிறது. பாடம் பாதியில் இருக்கும்போது 'என்ன அறிவுரை சொல்கிறது பார்ப்போம்' என்று தட்டிய இரண்டு பேருக்குத் திரையே மூடிக்கொண்டது.

நிறுவும் பக்கம்தான் எல்லாவற்றிலும் சீக்கிரம் பழையதாகிப்போவது. விண்டோஸ் 10, 11-இல் பைத்தான் நிறுவாமல் பெயரைத் தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். பலர் அங்கேயே திகைத்து நின்றுவிடுகிறார்கள். 3.14-இலிருந்து விண்டோஸுக்குத் தனி இன்ஸ்டால் மேனேஜர் வந்துவிட்டது. பழைய நிறுவி இன்னும் சில காலம்தான். அப்புறம் விண்டோஸ் 7. நம் ஊர்ப் பக்கத்தில் அந்தக் கணினிகள் இன்னும் எவ்வளவோ ஓடுகின்றன. 3.9-உம் அதற்கு மேற்பட்டதும் அவற்றில் ஏறாது. 3.8-தான் கடைசி, அதற்கான ஆதரவும் 2024 அக்டோபரில் முடிந்துபோனது. 'சமீபத்திய பதிப்பைத் தரவிறக்கவும்' என்ற ஒற்றை வாக்கியத்தை நம்பி, வீட்டிலுள்ள பழைய கணினியில் ஞாயிற்றுக்கிழமை முழுதும் போராடிய அப்பாக்களை எனக்குத் தெரியும். எங்கள் மையத்தின் பழைய இயந்திரங்களில் லினக்ஸ் போட்டுவிட்டேன். எல்லோருக்கும் அந்த வழியைச் சொல்ல முடியாது. ஆனால் எந்த விண்டோஸுக்கு எது ஏறும் என்று இரண்டு வரி எழுதலாம் இல்லையா?

புதுப்பிப்பது என்றதும் புதிதாக வந்ததையெல்லாம் சேர்ப்பது என்று நினைத்துவிட வேண்டாம். செய்தியில் போட்ட டி-ஸ்ட்ரிங்கை அடுத்த மாதமே தொடரில் கொண்டுவந்து விடுவீர்களோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். முதல் முறை படிக்கிறவருக்கு எல்லாமே புதிதுதான். '3.10-இல் புதியது', '3.14-இல் புதியது' என்ற அடைமொழிகளால் அவருக்குப் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. அது எங்களைப் போன்ற பழையவர்களுக்கு. அதிகாரபூர்வப் பாடத்திலேகூட, ஒரு மதிப்பு எதோடு பொருந்துகிறது என்று பார்த்து வேலை செய்யும் 'மேட்ச்' கட்டளைக்கு 3.10-இல் ஒரு பகுதி சேர்த்தார்கள். நல்ல வசதிதான், ஆனால் அந்த இடத்துக்கு அது நீளம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். நான் முதல் மாதம் அதைத் தொடுவதில்லை. 'இஃப்' என்ற நிபந்தனைக் கட்டளை நன்றாகக் கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சொல்லப்போனால் 3.14-க்காகத் திருத்தியபோது எங்கள் கையேடு மெலிந்துதான் போனது. குத்துமதிப்பாக எண் எடுத்துத் தரும் 'ரேண்டம்' நூலகம் பற்றிய பாடம் வந்ததும் பிள்ளைகள் தங்கள் கோப்புக்கும் 'ரேண்டம்' என்றே பெயர் வைப்பார்கள். பிறகு பைத்தான் தன்னுடைய ரேண்டத்தை விட்டுவிட்டு இவர்கள் கோப்பையே எடுத்துக்கொண்டு, நீங்கள் கேட்பது இங்கே இல்லை என்று கையை விரிக்கும். இதை எச்சரித்து ஒரு நீளமான பத்தி இருந்தது. 3.13-லிருந்து பைத்தானே, உன் கோப்பின் பெயர் என்னுடைய நூலகத்தின் பெயரோடு மோதுகிறது, பெயரை மாற்று என்று கோப்பு இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பத்தியை எடுத்துவிட்டேன். 3.14-இல், திரும்பத் திரும்ப ஓட்டுவதற்கான 'வைல்' என்ற சொல்லில் ஓர் எழுத்து கூடுதலாகிப்போனாலும் 'வைல் என்பதையா சொன்னாய்' என்று கேட்கிறது. இயந்திரம் தெளிவாகச் சொல்வதைப் பாடமும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

பழையதை அடியோடு மறைக்கவும் முடியாது. எஃப்-ஸ்ட்ரிங் (ஸ்ட்ரிங்குக்குள் மதிப்புகளை நேராகச் செருகும் முறை) 2016-இல் 3.6-ஓடு வந்துவிட்டாலும், அதற்கு முந்தைய சதவீதக் குறி எழுத்துமுறை இணையம் முழுக்கக் கிடக்கிறது. அதைக் கடைசிப் பக்கத்தில், 'எங்கேயாவது இப்படிப் பார்த்தால்' என்று தனியாக வைத்திருக்கிறேன். பிளஸ் 2 மாணவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சொல்: பரீட்சையில் பாடநூலில் இருப்பதுபோல் எழுதுங்கள், கணினியில் கணினி சொல்வதைக் கேளுங்கள். மதிப்பெண் விஷயத்தில் நான் துணிச்சல் காட்டத் தயாராக இல்லை.

இனி சொல்வது பதிப்பு எண்ணோடு தொடர்பில்லாதது. உங்கள் அச்சுக்கோப்பைச் சார்ந்தது. நிரலுக்குள் இருக்கும் நேரான மேற்கோள் குறிகளை உங்கள் பக்க வடிவமைப்பு மென்பொருள் வளைந்த குறிகளாக மாற்றிவிடுகிறது. பேப்பரைப் பார்த்துத் தட்டினால் பிரச்சினை இல்லை. உங்கள் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினால் 'இன்வேலிட் கேரக்டர்' என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். குறுகிய பத்தியில் நிரல் மடங்கி, உள்தள்ளல் காணாமல் போகிறது. பைத்தானில் உள்தள்ளல் போனால் அர்த்தமே போயிற்று. ஆப்ஜெக்ட் (நிரலில் உருவாக்கும் ஒரு பொருள்) உருவாகும்போது தானே ஓடும் 'இனிட்'டுக்கு இரு பக்கமும் வரும் இரட்டை அடிக்கோடு அச்சில் ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கோடாகத் தெரிகிறது. ஒற்றையாகத் தட்டினால் பிழை அந்த வரியில் வராது. கீழே எங்கேயோ ஆப்ஜெக்ட் உருவாக்கும் இடத்தில் 'டேக்ஸ் நோ ஆர்க்யுமென்ட்ஸ்' என்று வரும். அண்ணாச்சி இதில் ஒரு முழு மாலை மாட்டிக்கொண்டார். நிரலுக்கு மட்டும் எழுத்துகள் சம அகலமுள்ள எழுத்துருவையும் இரண்டு பத்தி அகலத்தையும் ஒதுக்கினால் போதும்.

தமிழில் வரும் தொடர் என்பதால் ஒரு சிறு ஆசையும் உண்டு. ஸ்ட்ரிங் பாடத்தில் ஆங்கிலச் சொல்லின் நீளத்தையே அளந்து காட்டினீர்கள். 'தமிழ்' என்று கொடுத்து நீளம் கேட்டுப் பாருங்கள்; 5 என்று வரும். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினால் மூன்று எழுத்துதான். இகரக் கொக்கியையும் புள்ளியையும் பைத்தான் தனித்தனியாக எண்ணுகிறது. பைத்தான் 2-இல் இதே கேள்விக்கு 15 என்று வந்தது, ஒவ்வொன்றையும் மூன்று பைட்டாக எண்ணியதால். என் வகுப்பில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு என்ற விஷயம் புரிவது இந்த ஓர் உதாரணத்தில்தான். அதைத் தலைகீழாகத் திருப்பி அச்சிடச் சொன்னால் புள்ளி முதலில் வந்து அந்தரத்தில் நிற்கும். வகுப்பே கலகலத்துப் போகும். ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு, ஸ்பானியம், துருக்கியம் படிப்பவர்களுக்கு அதிகாரபூர்வப் பாடமே அவர்கள் மொழியில் கிடைக்கிறது. மொழிப் பட்டியலில் ஒரு மொழி இடம்பெற வேண்டுமானால் டுட்டோரியல் முழுதும் பெயர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. தமிழ் இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே உங்கள் தொடரைத்தான் எங்கள் பிள்ளைகள் அந்த இடத்தில் வைத்துப் படிக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பகுதியின் தலைப்புக்குக் கீழும் 'பைத்தான் 3.14-இல் ஓட்டிப் பார்க்கப்பட்டது' என்று ஒரு வரி போடுங்கள். இணையத்தில் இருக்கும் பழைய பகுதிகளிலும் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று சேர்த்துவிடுங்கள். அவை வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும், யாராவது தேடி எடுத்துப் படித்துக்கொண்டே இருப்பார்கள். அச்சுக்குப் போகும் முன், நிரல் தெரியாத உங்கள் அலுவலக நண்பர் ஒருவரை உட்காரவைத்து, பாடத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் வாயைத் திறக்கக் கூடாது. அது மட்டும் கஷ்டமாக இருக்கும்.

வரும் வாரம் டிக்ஷனரி என்று அறிவித்திருக்கிறீர்கள். 'டிக்ஷனரிக்கு வரிசை கிடையாது' என்ற வாக்கியம் கைப்பிரதியில் இருந்தால், தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். ஒரே மதிப்பு இரண்டு முறை வராத தொகுப்பான செட்டுக்கு மட்டும் அது இன்னும் பொருந்தும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்சி ஆசிரியை,
சங்கரன்கோவில்